மத்திக்குத் தனிக் கணக்கு

மீன்பிடித் தடைக்காலம் முடிந்த பிறகும் கேரளக் கரையில் மத்தி ஏன் மலிவதில்லை என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். அங்கே ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 வரை 52 நாள் தடை, இழுவைமடிப் படகுகளுக்கானது. மத்தியோ மேல்நீரில் கூட்டமாகத் திரியும் மீன். அதை வளைத்துப் பிடிக்கும் வள்ளங்கள் பாரம்பரியத் தொழில் என்ற கணக்கில் தடைக்கு வெளியே நிற்கின்றன. எனவே தடைக்காலத்தை மட்டும் நம்பி மத்தியை எதிர்பார்க்க முடியாது.

இந்த மீனின் காலக்கணக்கை நடத்துவது தென்மேற்குப் பருவக்காற்று. காற்று கரையோர மேல்நீரைக் கடலுக்குள் தள்ள, அடியிலிருந்து குளிர்ந்த, சத்து மிகுந்த நீர் மேலெழும். அதில் டயட்டம் என்னும் நுண்பாசி பெருகும். மத்தி முட்டையிடுவதும் அந்தப் பருவக்காற்று மாதங்களில்தான். முட்டையிட்டு இளைத்த தாய்மீனும் புதுக் குஞ்சும் அந்தப் பாசியைத் தின்று தேறும். மழை ஓய்ந்தபின் பிடிபடும் மத்தியில் நெய் ஊறியிருப்பது அதனால்தான். கேரள, கர்நாடகக் கரைகளில் மீன்பாடு குவிவதற்கும் இந்த நீரெழுச்சியே காரணம். ஆனாலும் முன்பு மத்தி அரிதாயிருந்த தமிழகக் கிழக்குக் கரையில், 1980களின் பிற்பகுதியிலிருந்து அது பெருமளவில் படத் தொடங்கியது. எல்லையையே மாற்றிக்கொள்ளும் மீன் இது.

மீன்பாட்டின் ஏற்றஇறக்கம் அதைவிட வியப்பு. 2012இல் கேரளத்தில் ஏறக்குறைய 3.9 லட்சம் டன் கிடைத்த மத்தி, 2021இல் 3,297 டன்னாகச் சுருங்கியது. குஞ்சையும் வாரும் வலைக்கு இதில் பங்குண்டு என்றால், கடலின் வெப்பமும் மழையின் போக்கும் செய்யும் வேலைக்கு வலையை ஏன் குறைசொல்ல வேண்டும், 1994இலும் இப்படி விழுந்து பிறகு மீளவில்லையா என்று சிலர் கேட்பார்கள். மீண்டது உண்மை, முட்டையிட மீன் மிஞ்சியதால் மீண்டது. மத்தியின் ஆயுள் இரண்டரை ஆண்டளவே. ஒரு பருவத்துக் குஞ்சுகளை வாரிவிட்டால் அடுத்த பருவத்துக்கு விதைநெல் இல்லை. இயற்கை கைவிடும் ஆண்டில்தான் அந்த விதைக்கு மதிப்பு கூடுகிறது.

பத்து சென்டிமீட்டருக்குக் குறைந்த மத்தியைப் பிடிக்கக் கூடாது என்று கேரளத்தில் விதி உண்டு. மத்தி முதன்முறை முட்டையிடும்போது சுமார் பதினைந்து சென்டிமீட்டர் இருக்கும். ஆக, இந்த விதியே தாராளமானது. நான் விட்டால் பக்கத்து வள்ளக்காரன் பிடிப்பான் என்று மீனவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அதனால் வலையோடு நிற்காமல், குஞ்சு மீனை வாங்கி அரைக்கும் மீன்தூள் ஆலையின் வாசலிலும் அளவுகோலை வைக்க வேண்டும். வாங்க ஆளில்லாத குஞ்சுக்காக யாரும் டீசல் செலவழிக்கமாட்டார்கள்.