ஏழையின் ஆட்டுக்காக ஈந்த உயிர்

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துத் தோழர்களுக்கு ஆட்டின் அருமையை நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை. மழை பொய்த்து மானாவாரி கருகினால், பிள்ளையின் படிப்புக்கும் பெண்ணின் கல்யாணத்துக்கும் கைகொடுப்பது பட்டியில் நிற்கும் நாலு ஆடுகளே!

அத்தகைய ஏழையின் ஆஸ்தியைக் காக்கப் போய்த்தான் உயிரைக் கொடுத்தார் பூமிநாதன். திருச்சி மாவட்டம் நவல்பட்டுக் காவல் நிலையத்தின் சிறப்பு உதவி ஆய்வாளர் அவர். 2021 நவம்பர் 21 அதிகாலை, ஆடு திருடியவர்களை மோட்டார் சைக்கிளில் விரட்டிச் சென்று, புதுக்கோட்டை மாவட்டத்துப் பள்ளத்துப்பட்டி அருகே மடக்கினார். துணைக்கு ஆள் வந்து சேருமுன் வெட்டிச் சாய்க்கப்பட்டார்.

அரண்மனைப் பொக்கிஷமா களவு போயிற்று? ஆடுதானே என்று அவர் திரும்பியிருக்கலாம். திரும்பவில்லை!

தடியடியைக் கண்டிக்கும் நாமே இந்தத் தியாகத்தைப் போற்றுகிறோம். இரண்டுக்கும் நியாயம் ஒன்றே: ஏழையின் பக்கம் நிற்பது!

அரசு குடும்பத்துக்கு 1 கோடி ரூபாய் அறிவித்தது, முறைதான். 1959-இல் லடாக்கில் மாண்ட 10 காவலர் நினைவாக ஆண்டுதோறும் அக்டோபர் 21-இல் மலர்வளையம் வைக்கப்படுகிறது, அதுவும் முறைதான். ஆனால், இரவு ரோந்தில் எவரும் தனித்து நிற்க நேராதபடி ஆளும் வண்டியும் கொடுப்பதே மெய்யான மரியாதை! மாலை வாடிவிடும், பாதுகாப்பு வாடாது.