பதிகங்களைத் தரவுத்தளத்தில் ஏற்றுதல்

செங்கற்பட்டை அடுத்த திருக்கழுக்குன்றத்திற்கு மூவர் தேவாரமும் உண்டு. சம்பந்தர் பதிகம் 1.103, அப்பர் பதிகம் 6.92, சுந்தரர் பதிகம் 7.81. முன்னெண் திருமுறையையும் பின்னெண் பதிகத்தையும் குறிக்கும். 1998-ஆம் ஆண்டு பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் பயனாகத் தேவாரம் இன்று கணிப்பொறியில் எழுத்துக் கோப்பாகவே கிடைக்கிறது. ஆயினும், ‘மூவரும் பாடிய தலங்கள் எவை?’ என்று கேட்டால் அக்கோப்பு விடை கூறாது. முழுவதையும் நாமே படித்துக் குறிப்பெடுக்க வேண்டும். அதனைத் தரவுத்தளத்தில் ஏற்றிவிட்டால் நொடியில் விடை வரும்.

செய்திகளை அட்டவணைகளாகப் பிரித்துப் பொது எண்களால் இணைக்கும் முறையை 1970-இல் வகுத்தவர் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சார்ந்த எட்கர் காட். அவ்வழியில் தலத்துக்கு ஒன்று, பதிகத்துக்கு ஒன்று, பாடலுக்கு ஒன்று என நான் மூன்று அட்டவணைகள் வைத்துக்கொண்டேன். கழுக்குன்று, கழுக்குன்றம், வேதகிரி என எப்பெயரால் வழங்கினும் தல எண் ஒன்றே.

போஸ்ட்கிரஸ் மென்பொருளில் கோப்பை ஏற்றுவதற்குக் ‘காப்பி’ என்னும் ஒரே கட்டளை போதும். உழைப்பெல்லாம் அதற்கு முன்னரே! கணிப்பொறி ஒவ்வோர் அடியையும் தனி வரிசையாகக் கொள்ளுமாதலால், ஒரு பாடலின் அடிகளை முதலில் ஒன்றுசேர்க்க வேண்டும். கலங்களைக் காற்புள்ளியால் பிரித்தால், பாடலுக்குள் வரும் காற்புள்ளி குழப்பம் விளைவிக்கும். டேப் குறியே நலம்.

இனி, பாடல் எண். கணிப்பொறியே 1, 2, 3 என எண் இட்டுக்கொள்ளும் வசதி உண்டு. பலரும் அதனை விரும்புவர். தேவாரத்துக்கு அது ஆகவே ஆகாது. சில பதிகங்களில் பாடல்கள் சிதைந்து மறைந்துவிட்டன. பதிப்பாசிரியர்கள் அவற்றின் எண்ணை வெற்றிடமாக விட்டு, அடுத்த பாடலுக்கு அடுத்த எண்ணையே கொடுத்தனர். கணிப்பொறி புதிதாக எண்ணினால் எட்டாம் பாடல் ஏழாம் பாடலாகிவிடும்; ஒரு பாடல் மறைந்தது என்ற செய்தியும் மறைந்துவிடும். ஆகவே திருமுறை, பதிகம், பாடல் ஆகிய மூன்று எண்களையும் பதிப்பிலுள்ளபடியே எடுத்து, அவற்றையே சாவியாக வைத்தேன்.

எழுத்திலும் ஒரு சூழ்ச்சி உண்டு. ‘கொ’வில் வரும் ஒகரக் குறியை யூனிகோடு முறையில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பு, கால் என இரு குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, கணிப்பொறிக்கோ வெவ்வேறு. அனைத்தையும் ஒரே வடிவுக்கு மாற்றிய பின்னரே ஏற்ற வேண்டும். இல்லையேல் ‘கொன்றை’ என்று தேடும்போது பாதிப் பாடல்கள் வாராமற் போகலாம். வரவில்லை என்று எந்தப் பிழைச்செய்தியும் திரையில் தோன்றாது.