பைதான் நிரல்நூலகம்: அமைப்பும் காப்பும்

1. தோற்றுவாய்

பழந்தமிழ் நூல்களின் சொல்லடைவு, தொடரடைவு, யாப்பமைதி ஆகியவற்றைக் கணிப்பொறியின் துணைகொண்டு ஆராயும் முறை இன்று பெருகி வருகின்றது. ஏடெழுதினோர் செய்த பிழைகளைப் பாடவேறுபாடு கண்டு களையும் பயிற்சி நமக்கு நெடுநாளாக உண்டு. ஆயின், எண்ணித்தரும் கருவியே பிழைபடுமாயின் அதனைக் கண்டறிதல் எங்ஙனம்? ஏட்டுப் பிழை பொருள் முட்டுமிடத்தில் தன்னைக் காட்டிக்கொடுக்கும். கருவியின் பிழையோ பட்டியலின் ஒழுங்கான வடிவத்துள் மறைந்து நிற்கும். அதன்மேல் எழுப்பிய முடிபுகள் யாவும் அப்பிழையைச் சுமந்தே நடக்கும். ஆதலின், ஆய்வுக்குரிய நிரலைத் தொடக்கமுதல் சரிபார்ப்புடன் அமைக்கும் முறை தமிழாய்வாளரும் அறிந்திருக்க வேண்டுவதொன்றாகும்.

பைதான் என்பது நெதர்லாந்து நாட்டினராகிய கைடோ வான் ரோசம் இயற்றி 1991-இல் வெளியிட்ட நிரல்மொழி. பலரும் தத்தம் பணிக்கு எடுத்தாளுமாறு ஒருவர் தொகுத்துவைக்கும் நிரற்பகுதிகளின் தொகுதி நிரல்நூலகம் எனப்படும். ஈண்டு, பாடலை எழுத்தெழுத்தாகப் பிரித்து எண்ணி அசையும் கூறுகின்ற சிறு நிரல்நூலகம் ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொண்டு, அதன் அமைப்பும் அதனைக் காக்கும் தானியங்கிக் கருவிகளும் விளக்கப்படுகின்றன.

2. கருவி பிழைபடும் இடங்கள்

காவல் ஏன் வேண்டும் என்பது கள்வர் எவ்வழி வருவர் என்பதை அறிந்தபின்னரே விளங்கும். தமிழைப் பொறுத்தவரை நான்கு வழிகள் குறிக்கத்தக்கன.

முதலாவது, எண்ணிக்கை. 'தமிழ்' என்னுஞ் சொல்லில் எழுத்து மூன்று. அச்சொல்லின் நீளத்தைப் பைதானிடம் வினவினால் ஐந்து என்னும் விடை கிடைக்கும். ஒருங்குறி முறையில் த, ம, இகரக்குறி, ழ, புள்ளி என ஐந்து குறியெண்கள் அமைந்திருத்தலே காரணம். பைதானின் இரண்டாம் பதிப்பில், சொல்லைச் சாதாரண சரமாக எழுதி வினவினால், அவ்வைந்தின் பைட்டுகளே எண்ணப்பட்டுப் பதினைந்து என்று வரும். அப்பதிப்பின் பராமரிப்பு 2020 ஜனவரி 1-ஆம் நாளோடு முடிந்தது.

இரண்டாவது, சொற்பிரிப்பு. பைதானுடன் வரும் வடிவத்தேடற் பகுதியில் 'சொல்லில் வரக்கூடிய எழுத்து' என்பதற்கென ஒரு குறி உண்டு. ஆங்கிலச் சொல்லடைவு செய்வோர் பெரிதும் ஆளுங் குறி அது. அது நம் உயிர்க்குறிகளையும் புள்ளியையும் எழுத்தாகக் கொள்வதில்லை. ஆகவே 'தமிழ்' என்பதை அதனிடம் கொடுத்தால் 'தம', 'ழ' என இரு துண்டுகள் கிடைக்கும். நிரல் பிழையறிவிப்பு ஏதும் தராது; ஆயிரம் பாடல்களையும் இங்ஙனமே துண்டாடி ஒழுங்கான பட்டியலாகத் தந்துவிடும்.

மூன்றாவது, ஓரெழுத்துக்கு ஈருருவம். கொ, கோ, கௌ ஆகியவற்றின் குறியை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம். முன்னொன்றும் பின்னொன்றுமாகிய இரு குறியெண்களாகவும் எழுதலாம். இரண்டும் ஒன்றே என ஒருங்குறி விதித்துள்ளது. கண்ணுக்கும் அவை ஒன்றே. கணிப்பொறியின் ஒப்பீட்டிலோ அவை வேறு. ஆதலின் 'கொடி' என்பது அடைவில் ஈரிடத்து வந்து, ஒவ்வோரிடத்தும் தன் எண்ணிக்கையில் ஒரு பங்கையே பெறும். அவற்றுள் ஒன்று தனக்குரிய இடத்தில் நிற்க, மற்றொன்று கெகரச் சொற்களுக்கும் கேகாரச் சொற்களுக்கும் இடையே போய் அமரும். பைதானுடன் வரும் இயல்பாக்கும் செயல் இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிடும். எனினும், 'கௌ' என்பதைத் தட்டச்சிடுவோர் எகரக்குறியிட்ட ககரத்தின்பின் ளகர எழுத்தையே இட்டு எழுதினால், அதனை இயல்பாக்கத்தாலும் திருத்த இயலாது. அது மூலத்தை ஒப்புநோக்கித் திருத்துவோரின் பணியாகும்.

நான்காவது, அகரவரிசை. ஒருங்குறியில் னகரம் நகரத்தின் அடுத்தும், றகரம் ரகரத்தின் அடுத்தும், ளகரம் ழகரத்தின் முன்னும் நிற்கும். புள்ளிக்குறியோ உயிர்க்குறிகள் யாவற்றிற்கும் பின்னது. ஆகவே, குறியெண் வரிசையை அப்படியே கொண்டு அடுக்கினால் தமிழ் அகராதி வரிசை பிறழும்.

3. கோப்புகளின் அமைப்பு

இனி, நிரல்நூலகத்தை அமைக்கும் முறையைக் காண்போம். முதற்கண் செய்யத்தக்கது, கிட் என்னும் பதிப்பேட்டுக் கருவியைத் தொடங்குதல். லினசு டோர்வால்ட்சு 2005-இல் இயற்றிய இக்கருவி, எவ்வரி எந்நாளில் யாரால் எக்காரணம்பற்றி மாற்றப்பட்டது என்பதை ஒன்றுவிடாமற் குறித்துவைக்கும். சுவடியின் வழிமரபை ஊகித்தறிய வேண்டியுள்ள நமக்கு, ஒவ்வொரு படியும் தன் வழிமரபைத் தானே கூறும் இவ்வமைப்பின் அருமை எளிதில் விளங்கும்.

அடுத்து, நிரலையும் சோதனைகளையும் தனித்தனி அடைவுகளில் வைத்தல் வேண்டும். நிரல் 'எஸ்ஆர்சி' என்னும் அடைவினுள்ளும், சோதனைகள் 'டெஸ்ட்ஸ்' என்னும் அடைவினுள்ளும் நிற்கும். இஃது ஒழுங்கு கருதி மட்டும் செய்யப்படுவதன்று. நிரல் மேலடைவிலேயே கிடக்குமாயின், சோதனை நிகழும்போது கையெட்டும் தூரத்திலுள்ள அப்படியே எடுத்தாளப்பட்டுவிடும். பிறர் தம் கணிப்பொறியில் நிறுவிக்கொள்ளும் தொகுப்பில் ஒரு கோப்பு விடுபட்டிருப்பினும் அது தெரியவாராது. தனியடைவில் வைத்தால், நிறுவப்பட்ட தொகுப்பே சோதிக்கப்படும். பிறர் கைக்குச் செல்லும் படியையே மெய்ப்புப் பார்த்தல் போல்வது இது.

மூன்றாவதாக, 'பைப்ராஜெக்ட்.டாமல்' என்னும் ஒரே கோப்பில் நூலகத்தின் பெயர், பதிப்பெண், உரிமம், வேண்டப்படும் பைதான் பதிப்பு, சார்ந்து நிற்கும் பிற நூலகங்கள், கருவிகளுக்குரிய விதிகள் ஆகிய யாவும் எழுதப்படும். 2016-இல் முன்மொழியப்பட்ட இக்கோப்பினுள் நூலகத்தின் பெயர் முதலிய விவரங்களை எழுதும் முறை 2020-இல் வரையறுக்கப்பட்டது. நூற்பெயரைப் பொதுக்களஞ்சியத்தில் பதிவு செய்வதற்கு உரோம எழுத்துகளும் எண்களும் ஒருசில குறிகளுமே இடம்பெறும். தமிழ்ப்பெயரை விளக்கக் கோப்பில் தந்துகொள்ளலாம். உரிமக் கோப்பையும் விளக்கக் கோப்பையும் முதல்நாளிலேயே எழுதிவிடுதல் நன்று. உரிமம் இல்லாத நிரலைப் பிறர் எடுத்தாளுதற்கு அஞ்சுவர்.

4. சோதனை: வாய்பாடே உரைகல்

நிரல்நூலகத்தின் உயிர்நிலை சோதனையே. சோதனையாவது, 'இவ்வுள்ளீட்டுக்கு இவ்விடை வரல் வேண்டும்' என்று முன்னரே எழுதிவைத்து, நிரலின் விடையை அதனோடு ஒப்பிடுதல். பைதானில் இப்பணிக்குப் பைட்டெஸ்ட் என்னும் கருவி பெரிதும் வழங்குகின்றது.

எழுத்துப் பிரிப்புக்கு எத்துணைச் சோதனைகள் வேண்டும்? உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 ஆக 247 எழுத்துகளும் ஒவ்வொன்றும் ஓரெழுத்தாகவே எண்ணப்படல் வேண்டும். இவற்றுள் ஒகர, ஓகார, ஔகார உயிர்மெய்கள் 54-உம் ஔகார உயிரும் ஆக 55 எழுத்துகள் ஈருருவம் உடையன. அவற்றின் இரண்டாம் உருவையும் தனியே சோதித்தல் வேண்டும். ஆகச் சோதனைகள் 302. இவற்றைத் தனித்தனியே எழுதவேண்டுவதில்லை. எழுத்துப் பட்டியலைக் கொடுத்தால், ஒரே சோதனையைப் பைட்டெஸ்ட் ஒவ்வோர் எழுத்தின்மேலும் செலுத்தும். இதற்குச் செல்லும் நேரம் ஒரு நொடிக்கும் குறைவு.

அசை பிரித்தலுக்குரிய சோதனைகளை நம் யாப்பிலக்கணமே நமக்குத் தந்துள்ளது. தேமா என்பது நேர் நேர். புளிமா என்பது நிரை நேர். கருவிளம் என்பது நிரை நிரை. கூவிளம் என்பது நேர் நிரை. இச்சொற்கள் சீரின் பெயராகவும் அச்சீருக்கு எடுத்துக்காட்டாகவும் ஒருங்கே நிற்கின்றன. நிரல் எழுதுவோன் சோதனை என்று கூறுவதும் இதுவே: விதியைக் கூறி, அவ்விதிக்கு மாறா விடையையும் உடன் வைத்தல். நாள், மலர், காசு, பிறப்பு என்னும் நான்கையும் இவற்றோடு சேர்த்தால், குற்றியலுகர ஈற்றை நிரல் உணருமா என்பதும் தெரிந்துவிடும்.

இவற்றின்மேலும் ஒன்று உண்டு. பிரித்த எழுத்துகளை மீண்டும் சேர்த்தால் பாடல் மாறாமல் வரல் வேண்டும் என்பது எப்பாடலுக்கும் பொருந்தும் பொதுவிதி. ஹைப்பாதெசிஸ் என்னும் கருவி, நாம் எண்ணியும் பாராத எழுத்துச் சேர்க்கைகளைத் தானே இயற்றி இவ்விதியைச் சோதிக்கும். விதி தவறும் சேர்க்கை அகப்படின், அதனை இயன்றவரை சுருக்கி நமக்குக் காட்டும்.

நிரலின் எத்தனை வரிகள் சோதனையின்போது இயங்கின என்பதை நூற்றுவீதத்தில் காட்டும் கருவிகளும் உள. அவ்வீதம் நூறாயினும் விடை சரி என்பது பொருளன்று. அலகு பெறாத குற்றியலிகரத்தை நிரல் அலகிட்டு எண்ணினும், அதுபற்றிய சோதனை இல்லையேல், எல்லா வரிகளும் இயங்கி எல்லாம் சரியெனவே தோன்றும்.

5. தானியங்கிக் காவல்

சோதனை எழுதப்பட்டிருந்தும் அதனை நடத்த மறத்தல் மனித இயல்பு. அம்மறதிக்கு மருந்தாக அமைந்தனவே தானியங்கிக் கருவிகள். இவற்றை இருநிலைக் காவலாகக் கொள்ளலாம்.

முதற்காவல் எழுதுவோனின் கணிப்பொறியிலேயே நிற்கும். பிரீ-கமிட் என்னும் கருவி, மாற்றம் ஒன்றைப் பதிப்பேட்டில் சேர்க்க முற்படுந்தோறும் குறித்த சரிபார்ப்புகளை நடத்தி, பிழை இருப்பின் பதிவைத் தடுக்கும். 2022-இல் வெளிவந்த ரஃப், நிரலின் நடையை ஒழுங்குபடுத்துவதோடு, பயனின்றிக் கிடக்கும் பெயர்களையும் பிழைக்கு இடந்தரும் தொடர்களையும் சுட்டும். மைபை என்பது வகைப்பொருத்தம் காண்பது; எழுத்துப் பட்டியல் வேண்டுமிடத்து ஓர் எண்ணைத் தந்திருந்தால், நிரலை இயக்காமலே அதனைக் காட்டிவிடும்.

இரண்டாங்காவல் பொதுக்களஞ்சியத்தில் நிற்கும். கிட்ஹப் ஆக்ஷன்ஸ் போன்ற ஏற்பாடு, ஒவ்வொரு மாற்றமும் வந்துசேர்ந்தவுடன் புதிய கணிப்பொறிச் சூழலை உருவாக்கி, நூலகத்தை அதில் நிறுவி, எல்லாச் சோதனைகளையும் நடத்தும். ஒரே மாற்றத்தைப் பல பைதான் பதிப்புகளிலும் பல இயக்கமுறைமைகளிலும் சோதிக்கலாம் என்பதே இதன் பெருஞ்சிறப்பு. அதன் தேவைக்கு இரு சான்றுகள் போதும்.

தமிழ்ப் பின்னக் குறியீடுகள் பலவும் ஒருங்குறியின் 12-ஆம் பதிப்பில், 2019-இல், இடம்பெற்றன. பைதானின் 3.7-ஆம் பதிப்பு ஒருங்குறியின் 11-ஆம் பதிப்பைத் தழுவியது. ஆதலின் அதற்கு அவை அறியாக் குறிகள். 3.8-ஆம் பதிப்பு அவற்றை அறியும். கல்வெட்டிலும் கணக்கேட்டிலும் உழைப்போர்க்கு இவ்வேறுபாடு சிறிதன்று.

மற்றொன்று, கோப்பைத் திறக்குங்கால் குறிமுறையைச் சொல்லாது விடுதல். லினக்சில் இது பெரும்பாலும் தீங்கு செய்யாது. மேலை ஐரோப்பியக் குறிமுறை அமைந்த விண்டோசில், பைதானின் 3.14 வரையுள்ள பதிப்புகள் தமிழ்க் கோப்பை அக்குறிமுறையாற் படிக்க முற்படும். நம் புள்ளிக்குறியின் இறுதி பைட்டு அம்முறையில் பொருளற்றது. ஆகவே முதல் மெய்யெழுத்து வந்தவிடத்தே நிரல் பிழைகூறி நின்றுவிடும். எழுதியவனிடம் நன்கு இயங்கிய நிரல் மாணவனிடம் இயங்காமைக்கு இத்தகையன காரணமாகும். இருமுறைமைகளிலும் சோதித்திருப்பின் அன்றே தெரிந்திருக்கும்.

6. வெளியீடும் பதிப்பெண்ணும்

சோதனைகளைக் கடந்த நூலகம் பைபிஐ என்னும் பைதான் பொதுக்களஞ்சியத்தில் வெளியிடப்படும். வெளியீட்டையும் தானியங்கிக் காவலிடமே ஒப்புவிக்கலாம். 2023 முதல் அக்களஞ்சியம் நிலையான கடவுச்சொல் இன்றி, ஒவ்வொரு வெளியீட்டுக்கும் குறுகிய காலமே செல்லும் அடையாளத்தைப் பெறும் வழியையும் தந்துள்ளது.

பதிப்பெண் மூன்று உறுப்பினது. பிழைதிருத்தத்துக்கு மூன்றாம் உறுப்பும், புதுச்செயல் சேர்த்தற்கு இரண்டாம் உறுப்பும், பழைய பயன்பாட்டோடு பொருந்தாத மாற்றத்துக்கு முதலுறுப்பும் உயரும். ஐகாரக்குறுக்கத்தைக் கணக்கிடும் முறையை மாற்றினால் பழைய எண்ணிக்கைகள் மாறும். அதனைச் சிறு திருத்தமாக வெளியிடுதல் முறையன்று. ஆய்வுக்கட்டுரையில் அச்சுநூலின் பதிப்பாண்டைக் குறிப்பதுபோல, எண்ணிக்கையைத் தந்த நூலகத்தின் பதிப்பெண்ணையும் குறித்தல் கடன். 2013-இல் தொடங்கிய செனோடோ களஞ்சியத்தில் அப்பதிப்பைச் சேமித்தால் நிலைபேறுடைய அடையாள எண்ணும் கிடைக்கும். பின்வருவோர் அதே பதிப்பை நிறுவி அதே எண்ணிக்கையைப் பெற்றுச் சரிபார்த்தல் இயலும்.

7. முடிபு

மேற்கூறியவற்றால் ஓருண்மை புலனாகும். கருவிகள் எத்துணை விழிப்புடன் நின்றாலும், தமக்குச் சொல்லப்பட்டதையே காக்கும். நடையொழுங்கை ரஃப் அறியும், குற்றியலுகரத்தை அறியாது. பதிவைத் தடுக்கப் பிரீ-கமிட் அறியும். ஒரு சீர் கூவிளமா தேமாவா என்பதை அறியாது. நிரல் வல்லார் காவலை அமைத்தல் எளிது. காக்கப்படும் பொருள் இன்னதென வரையறுத்தல் தமிழ் வல்லார்க்கே இயலும். ஆகவே, சோதனைக் கோப்பை எழுதும் பணியை நிரலர்பால் விட்டுவிட்டு, வந்த எண்களை மட்டும் வாங்கிக்கொள்ளுதல் தமிழாய்வாளர்க்குத் தகாது. நிரல் ஒருவரியும் எழுத அறியாதாரும், 'இதற்கு இதுவே விடை' என்று நூறு எடுத்துக்காட்டுகளை இலக்கணம் பிறழாமல் எழுதித்தரல் கூடும். அந்நூறும் சோதனை அடைவினுள் இடம்பெறுமாயின், மாற்றம் நிகழுந்தோறும் அவ்வாய்வாளரின் புலமை மீண்டும் ஒருமுறை நிரலை வினவிக்கொண்டே நிற்கும்.