மேகம் யாருக்குச் சொந்தம்?

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல், இயற்பியல்

மழை பொய்த்தால் வருண ஜபம் செய்வதும் கழுதைக்குக் கல்யாணம் நடத்துவதும் நம் நாட்டு வழக்கம். இவற்றுக்கு எவர் அனுமதியும் தேவையில்லை. ஆனால், விமானத்தில் சென்று மேகத்தில் இரசாயனம் தூவினால்? அதற்குச் சட்டம் வேண்டாமா?

மேகத்திலுள்ள நீர்த்துளிகள் மிக நுண்ணியவை. தரையில் விழும் கனம் அவற்றுக்கு இல்லை. குளிர்ந்த மேகத்தில் வெள்ளி அயோடைடைத் தூவினால், அதன் படிக அமைப்பு பனிக்கட்டியை ஒத்திருப்பதால், நீர் அதைப் பற்றி உறைந்து வளர்கிறது. வெப்ப மேகத்திற்கு உப்புத்தூளே போதும். மழைக்காலத்தில் உப்பு ஜாடியைத் திறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை! ஆயினும், இல்லாத மேகத்தை உண்டாக்க இயலாது. 2025 அக்டோபரில் டில்லியில் தூவியபோது ஈரப்பதம் போதாமல் மழை பெய்யவில்லை என்றே சொல்லலாம்.

தமிழகத்திற்கு இது புதிதன்று. 1970களில் திருவள்ளூர்ப் பகுதியில் இவ்வாராய்ச்சி நடந்தது. 1980களிலும் 1993-94லும் வறட்சியின்போது தமிழக அரசே இதனை மேற்கொண்டது.

அமெரிக்காவில் டென்னசி மாநிலம் 2024இலும் புளோரிடா 2025இலும் வானிலையை மாற்றும் முயற்சிகளைத் தடை செய்தன. டெக்சாஸோ உரிமம் கொடுத்து அனுமதிக்கிறது. வியட்நாம் போரில் மழையையே ஆயுதமாக்கியதற்குப் பின், 1977இல் ஓர் உலக உடன்படிக்கை உருவாயிற்று. இந்தியாவும் அதில் சேர்ந்தது. ஆனால் அது தடுப்பது பகைநோக்குடன் செய்வதை மட்டுமே.

நம் நாட்டில் இதற்கெனத் தனிச் சட்டம் இல்லை. அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில் தண்ணீர் மாநிலப் பட்டியலிலும், வானிலை அமைப்புகள் மத்தியப் பட்டியலிலும் உள்ளன. இடையே மிதக்கும் மேகத்தைப் பற்றிப் பேச்சில்லை.

எங்கள் பள்ளிக்கரணை, சுற்றுப்புற ஏரிகளின் உபரிநீர் வந்து சேரும் சதுப்பு நிலம். 2015 டிசம்பரில் எங்கள் வீட்டுக்குள் வெள்ளம் புகுந்தது. 2019 கோடையில் அதே வீட்டு வாசலில் தண்ணீர் லாரிக்குக் குடம் வைத்துக் காத்திருந்தோம். ஓர் உழவருக்கு உயிரான மழை அதே நாளில் எங்களுக்கு ஆகாததாக இருக்கலாம். வெள்ளம் வந்தபின் தூவியவர் மீது பழி சொல்லவும் முடியாது; தூவாதிருந்தால் எவ்வளவு பெய்திருக்கும் என்பதை எப்படி அளப்பது? ஒரே மேகத்தை இருமுறை சோதிக்க வழியில்லையே.

ஆகவே, அடியோடு தடுப்பது வறண்ட மாவட்டங்களுக்கு இழைக்கும் அநீதி என்றே நான் கருதுகிறேன். முன் அனுமதி போதும். வெள்ள எச்சரிக்கை உள்ள நாளில் தூவக் கூடாது. எந்த நாள், எந்த வட்டம், எத்தனை கிலோ உப்பு என்ற கணக்கை, தூவுவதற்கு முன்பே அவ்வட்டத்து வட்டாட்சியர் அலுவலகச் சுவரில் ஒட்டிவிட வேண்டும்.