ஆச்சியின் பசையும் வளைஞ்சு போன என் பலகையும்

லீவுல வீட்டுக்குப் போய், பிளஸ் டூ படிக்கிற தங்கச்சிக்கு ஒரு படிப்பு மேசை செய்யலாம்னு கிளம்பினேன். பழைய 12 மி.மீ. பிளைவுட் துண்டு, மேலே ஒட்ட அரை மி.மீ. தேக்கு வெனீர், ஒரு டப்பா ஃபெவிகால். வெனீரை ஒட்டி, மேலே புத்தகங்களை அடுக்கிவிட்டு ஜம்பமாகத் தூங்கப் போனேன். மூணு நாள் கழித்துப் பார்த்தால் பலகை தட்டு மாதிரி குழிஞ்சு கிடக்கிறது!

ஆச்சி ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஒரு பக்கம் மட்டும் பசை தடவுனா சுருளாம என்னய்யா செய்யும்?" என்றார். அவர் சும்மா சொல்லவில்லை. சின்ன வயதில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டியவர்.

தீப்பெட்டியும் வெனீர்தான்

1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்த கதை நமக்குத் தெரியும். அட்டைப் பெட்டி வருவதற்கு முன்னால் தீப்பெட்டி மரத்தில்தான் இருந்தது. மென்மரக் கட்டையைச் சுழலவிட்டு, கத்தியால் காகிதச் சுருள் போல உரித்து எடுப்பார்கள். அந்த மெல்லிய தகட்டை மடித்து, மேலே தாளைச் சுற்றி ஒட்டினால் பெட்டி. பசை மைதாவில் காய்ச்சியது. பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் சேர்ப்பார்கள். ஈரத் தாள் பட்டால் தகடு எப்படி நெளியும் என்பது ஆச்சிக்குக் கைப்பழக்கம்.

ஏன் வளைகிறது?

மரம் ஈரத்தைக் குடித்தால் ரேகைக்குக் குறுக்கே விரியும். நீளவாக்கில் அநேகமாக அசையாது. வெள்ளைப் பசையில் கிட்டத்தட்ட பாதி தண்ணீர். அதைக் குடித்து விரிந்த நிலையிலேயே வெனீர் பலகையோடு ஒட்டிக்கொள்கிறது. பிறகு காய்ந்து சுருங்கப் பார்க்கிறது, பலகை விடமாட்டேன் என்கிறது. ஒரு பக்கம் மட்டும் இழுத்தால் பலகை அந்தப் பக்கமே குழியும். பின்பக்கமும் அதே கனத்தில், அதே ரேகைத் திசையில் ஒரு வெனீர் ஒட்டினால் இரண்டு இழுப்பும் சமமாகிவிடும். பின்பக்கத்துக்கு மலிவு வெனீர் போதும். பிளைவுட்டில் அடுக்குகள் 3, 5, 7 என்று ஒற்றைப்படையில் வருவதும் இதே கணக்குதான்.

ரெண்டாவது தடவை செய்தது

1. பலகையையும் வெனீரையும் ஒரே அறையில் ரெண்டு நாள் வைத்தேன். 120 நம்பர் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தூசியைச் சுத்தமாகத் துடைத்தேன்.

2. பசையைப் பலகையில் மட்டும் மெல்லிசாக, சீராகத் தடவினேன். வெனீரில் தடவினால் உடனே சுருளும். நம்ம ஊர் வெயிலில் பசை சீக்கிரம் ஆடை கட்டும், அதனால் ஃபேனை நிறுத்திவிட்டு, சாயங்காலம் வேலை பார்த்தேன்.

3. ரெண்டு பக்கமும் ஒரே மூச்சில் ஒட்டி, பிளாஸ்டிக் தாள் போட்டு, ரெண்டு தடித்த பலகைக்கு நடுவே வைத்து, கிளாம்ப் போட்டு இறுக்கி, ஒரு நாள் முழுக்க விட்டேன்.

புத்தகம் ஏன் போதாது? 60 × 45 செ.மீ. பலகையின் பரப்பு 0.27 ச.மீ. 20 கிலோ புத்தகம் தரும் அழுத்தம் வெறும் 0.7 கிலோபாஸ்கல். வாக்கம் பையில் போட்டால் காற்றே 100 கிலோபாஸ்கல் பக்கம் அழுத்தும். அதாவது பலகை மேல் ரெண்டரை டன்னுக்கு மேல்!

கிளாம்ப் இல்லையா? பலகை, வெனீர் ரெண்டிலும் வெள்ளைப் பசை தடவி, தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காயவிடுங்கள். பிறகு சேர்த்து வைத்து, மேலே ஒரு தாள் போட்டு, மிதமான சூட்டில் இஸ்திரிப் பெட்டியால் அழுத்துங்கள். இந்தப் பசை சூட்டில் இளகி, ஆறும்போது பிடித்துக்கொள்ளும். கடைசியில் நகத்தால் தட்டிப் பாருங்கள். 'டொக்கு' என்று வெற்றொலி கேட்டால் அங்கே காற்று இருக்கிறது. மறுபடி சூடு காட்டி அழுத்த வேண்டும்.

ஒரு எச்சரிக்கை

அவசரத்துக்கு ரப்பர் பசையை எடுக்காதீர்கள் என்பேன். உடனே பிடிக்கும், உண்மைதான். ஆனால் அதில் இருப்பது தீப்பற்றும் கரைப்பான். அதன் ஆவி காற்றை விட கனமானது. தரையோடு ஊர்ந்து, அடுத்த அறை அடுப்பையோ விளக்கையோ தொட்டுவிடும். ஒரு பொறி என்ன செய்யும் என்று நம்ம மாவட்டத்துக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். கட்டாயம் வேண்டுமென்றால் வீட்டுக்குள்ளே வேண்டாம். நெருப்பில்லாத திறந்த வெளியில் செய்யுங்கள்.

ஐப்பசி மழை முழுக்கத் தாண்டியும் தங்கச்சியின் மேசை நேராகவே நிற்கிறது. ஆச்சி தடவிப் பார்த்துவிட்டு, "இப்பதான்யா பசை போடத் தெரியுது" என்றார். செமஸ்டர் ரிசல்ட்டை விட அதுதான் எனக்குப் பெரிய மார்க்!