குண்டு உடம்பா? முதலில் நிலையாக நில்லுங்கள்!

செருப்பு மாட்டுவதற்குச் சுவரைத் தேடுகிறீர்களா? படி இறங்கும்போது கைப்பிடியை இறுக்கிப் பிடிக்கிறீர்களா? 'உடம்பு கொஞ்சம் பூசினாப்ல ஆயிடுச்சு, அவ்வளவுதான்' என்று விட்டுவிடாதீர்கள். உங்கள் உடம்பு நிலை தடுமாற ஆரம்பித்திருக்கலாம்!

நாமக்கல்லில் லாரி ஓட்டுபவர், திருச்செங்கோட்டில் ரிக் ஆபீஸில் கணக்குப் பார்ப்பவர், சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு செய்பவர்... எல்லோருக்கும் நாளெல்லாம் உட்கார்ந்த பிழைப்புதான். தொப்பை விழாமல் என்ன செய்யும்? இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினாலே உஷாராகிவிடுங்கள்.

தொப்பை செய்யும் வேலை

வயிற்றில் ஓர் அரிசிப் பையைக் கட்டிக்கொண்டு நடப்பதாக நினைத்துப் பாருங்கள். பாரம் முன்னால் இழுக்கும். விழாமலிருக்க முதுகைப் பின்னால் வளைப்பீர்கள். இடுப்பு வலிக்கும், முழங்கால் கெஞ்சும்.

இதைத் தாங்கத்தான் நமக்குள்ளேயே ஒரு பெல்ட் இருக்கிறது. சுற்றிலும் அடிவயிற்றுத் தசை, பின்னால் முதுகெலும்பை ஒட்டிய தசை, மேலே உதரவிதானம், கீழே இடுப்புத்தளத் தசை. வேலை கொடுக்காவிட்டால் இந்தப் பெல்ட் தளர்ந்துபோகும். சர்க்கரை வியாதியும் சேர்ந்தால் பாதத்தில் உணர்ச்சி மங்கலாம். அப்புறம் ஈரமான பாத்ரூமில் ஒரு சறுக்கல் போதும்... மணிக்கட்டோ இடுப்பெலும்போ முறிந்துவிடும்!

"நான்தான் தினமும் வாக்கிங் போறேனுங்களே?"

நல்லதுதான். ஆனால் அது மட்டும் போதாது. வாரம் 150 நிமிடமாவது நடை போன்ற பயிற்சி, அதோடு 2 நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி என்கிறது உலக சுகாதார நிறுவனம் (2020). 65 வயதைத் தாண்டியவர்களுக்கு வாரம் 3 நாள் சமநிலைப் பயிற்சியும் வேண்டும்.

பிரேசிலில் 51 முதல் 75 வயதுள்ள 1,702 பேரை ஒற்றைக் காலில் 10 விநாடி நிற்கச் சொன்னார்கள். ஐந்தில் ஒருவரால் முடியவில்லை. அவர்களில் குண்டானவர்கள், சர்க்கரை உள்ளவர்கள் அதிகம். அடுத்த சில வருடங்களில் இறந்தவர்களும் அவர்களில்தான் அதிகம் என்கிறது 2022-ல் வெளியான அந்த ஆய்வு. ஒற்றைக் காலில் நிற்க முடியாததால் சாவு வருவதில்லை. உடம்பு தரும் எச்சரிக்கை அது.

வீட்டிலேயே செய்யலாம்

1. கனமான நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கையை ஊன்றாமல் 10 தடவை எழுந்து உட்காருங்கள்.

2. சமையல் மேடையைப் பிடித்தபடி ஒரு பாதத்தின் முன் மறு பாதத்தை வைத்து 10 விநாடி நில்லுங்கள். பழகியதும் ஒற்றைக் காலில்.

3. சுவரில் இரு கைகளையும் ஊன்றிச் சாய்ந்து, வயிற்றை உள்ளிழுத்து, உடம்பை நேராக 15 விநாடி வையுங்கள்.

4. தரையில் படுத்து எழுவது கஷ்டமா? கட்டிலிலேயே மல்லாந்து, முழங்காலை மடக்கி, இடுப்பை மட்டும் 10 தடவை மெதுவாக உயர்த்தி இறக்குங்கள்.

மூச்சை அடக்காதீர்கள். வழுக்கும் தரை, ஈரக்கால் கூடவே கூடாது. தலைசுற்றல், நெஞ்சுவலி, பாதம் மரத்துப்போவது, பழைய மூட்டுத் தேய்மானம் இருந்தால் முதலில் டாக்டரைப் பாருங்கள். அரசு மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட்டிடம் கேட்டுப் பழகிக்கொள்வது இன்னும் நல்லது.

எடை குறைய மாதக்கணக்கில் ஆகும். ஆனால் விடாமல் செய்தால், சில வாரங்களிலேயே கால் ஊன்றும் தைரியம் வந்துவிடும். திருச்செங்கோட்டு மலைப் படிகளை அப்புறம் ஏறிக்கொள்ளலாம். முதலில் சமையல் மேடை ஓரமாக 10 விநாடி... இன்னிக்கே ஆரம்பிங்க!