சாண் குச்சிக்குள் ஒரு செடி

தீர்த்தமலை அடிவாரத்துக் காடுகளில் மரவள்ளிக்கு யாரும் விதை தேடுவதில்லை. போன வெள்ளாமையின் தண்டைச் சாண் நீளத்துக்கு நறுக்கி, மொட்டு மேலே பார்க்க மண்ணில் ஊன்றிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். வெட்டுவாயில் பால் கசிந்து காயும். ஈரம் கிடைத்துவிட்டால் சில நாளில் அடியில் வேர் விடும், கணுவில் தளிர் எட்டிப் பார்க்கும். பத்து மாதத்தில் தூருக்கடியில் கொத்தாகக் கிழங்கு. இத்தனையும் அந்தச் சாண் குச்சிக்குள் எங்கே இருந்தது?

உயிருள்ள ஒவ்வொரு செல்லுக்குள்ளும் இருந்தது. முழுச் செடிக்கான குறிப்பும் 36 குரோமோசோம்களாகச் சுருண்டு கிடக்கிறது. வெட்டுப்பட்டதும், அதுவரை சும்மா இருந்த செல்கள் சில மறுபடி பிரியத் தொடங்குகின்றன. அவைதான் வேராகின்றன.

ஆனால் செல் ஏன் பிரிய வேண்டும்? ஒரே செல் பூசணிக்காய் அளவுக்குப் பெருத்தால் ஆகாதா? விடை அடுப்படியில் இருக்கிறது. முழுக் கிழங்கை வேகவைத்தால் மேலே குழைந்தாலும் நடுவில் வேகாது. துண்டு போட்டால் சீக்கிரம் வெந்துவிடும். பக்கத்துக்கு 2 செ.மீ. உள்ள கனசதுரத் துண்டின் மேற்பரப்பு 24 சதுர செ.மீ. அதையே 1 செ.மீ. துண்டுகளாக்கினால் எட்டுத் துண்டு, மேற்பரப்பு 48. கிழங்கின் அளவு மாறவில்லை, சூடு நுழையும் வழி இரட்டிப்பாகிவிட்டது. செல்லுக்கும் உணவும் ஆக்சிஜனும் மேற்பரப்பு வழியாகத்தான் உள்ளே வர வேண்டும். உடல் பெருக்கும் வேகத்துக்கு மேற்பரப்பு ஈடுகொடுப்பதில்லை. ஓர் அளவுக்கு மேல் வளர்ந்த செல், பிரிந்தால்தான் பிழைக்கும்.

பிரிவதற்கு முன் வேலை நிறைய. செல் முதலில் வளர்கிறது. பிறகு டிஎன்ஏ முழுவதையும் நகலெடுக்கிறது. இரட்டை இரட்டையாக நிற்கும் குரோமோசோம்கள் நடுவில் வரிசை கட்ட, இரு முனையிலிருந்தும் நீளும் நுண்ணிழைகள் பக்கத்துக்கு ஒரு நகலாக இழுத்துக்கொள்கின்றன. இடையில் புதுச் சுவர் எழும்புகிறது. ஒரு கட்டம் ஒழுங்காக முடிந்ததா என்று பார்த்த பிறகே அடுத்ததற்கு அனுமதி. இந்தக் காவல் உட்பட, செல் பிரிவை ஆளும் ஏற்பாட்டை ஈஸ்டிலும் கடல் முள்ளெலியிலும் கண்டறிந்த லேலண்ட் ஹார்ட்வெல், டிம் ஹன்ட், பால் நர்ஸ் மூவருக்கும் 2001-இல் நோபல் பரிசு கிடைத்தது. நம் உடலில் காவல் தவறிக் கண்டபடி பிரியும் செல்களே புற்றுநோய் ஆகின்றன.

கிழங்கு பருப்பதிலும் இரண்டு வேலை நடக்கிறது. வேருக்குள் வளையமாக இருக்கும் கேம்பியம் என்ற அடுக்கு பிரிந்து பிரிந்து செல்களின் எண்ணிக்கையைக் கூட்டுகிறது. அந்தச் செல்கள் நீர் ஏறி விரிந்து மாவைச் சேர்த்துக்கொள்கின்றன. மழை தப்பினால் இரண்டும் மட்டுப்படும். செடி இலையை உதிர்த்துவிட்டுக் காத்திருந்து, மழை விழுந்ததும் துளிர்க்கும்.

செல் பிரிவதை இடையிலேயே நிறுத்தும் நஞ்சும் நம்மிடம் உண்டு. தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கிலும் விதையிலும் உள்ள கோல்சிசின், அந்த நுண்ணிழைகளை உருவாக விடாது. குரோமோசோம்கள் இரட்டித்துவிடும், ஆனால் பிரித்திழுக்க ஆளிருக்காது. 36 இருந்த இடத்தில் 72 ஆகிவிடும். இப்படி இரட்டித்த மரவள்ளியைச் சாதாரண மரவள்ளியோடு சேர்த்தால் 54 குரோமோசோம் கொண்ட செடி கிடைக்கும். திருவனந்தபுரத்தின் மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் 1996-இல் வெளியிட்ட ‘ஸ்ரீ ஹர்ஷா’ அத்தகைய ரகம்.

அந்த 54 என்பது குரோமோசோம்களின் மூன்று தொகுதி; மகரந்தத்துக்கும் சூலுக்கும் அதைச் சரிபாதியாகப் பங்கிட முடியாததால் அந்த ரகத்தில் நல்ல விதை பிடிப்பது அரிது. விதையே கேட்காத மரவள்ளிக்காரருக்கு அதனால் நட்டமில்லை. குச்சிக்குள் பங்கீடே கிடையாது; 54-உம் அப்படியே நகலாகும்.

தேமல் நோய் வைரஸும் அதே குச்சிக்குள் ஒளிந்து அடுத்த வெள்ளாமைக்கு வந்துவிடும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள், இலை சுருண்டு மஞ்சள் திட்டுப் போட்ட செடியை விட்டுவிட்டு, தெளிந்த செடியாகப் பார்த்துக் குச்சி வெட்டுகிறார்கள்.